ஏழாவது நாற்காலிக்கு என்ன வேண்டும்

நரகத்தைக் குளிராகத்தான் கட்ட வேண்டும் என்று மார்னி வெஸ்ட்பி முதலிலேயே முடிவு செய்துவிட்டாள். அமெரிக்காவின் வடகோடியில் சுப்பீரியர் ஏரிக்கரையில் குடியிருக்கிறவர்களிடம் நெருப்பு, கொதிக்கிற எண்ணெய் என்று சொன்னால் யார் பயப்படப் போகிறார்கள்? பிப்ரவரி மாதத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். அதனால் அவள் நரகத்தை ஏரிக்கு அடியில் வைத்தாள். மேலே கனத்த பனிக்கட்டிதான் அதற்குக் கூரை. கீழே ஒரு அரசவை. அரசன் ஒரு நாள் காணாமல் போய்விட்டான். அவன் இடத்தைப் பிடிக்க ஏழு பிசாசுப் பிரபுக்கள் ஏழு நாற்காலிகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது கதைப் புத்தகம் இல்லை, ஆட்டம். சனிக்கிழமை மத்தியானம் மார்னியின் சமையலறை மேஜையில் நாலு பேர் கூடுவார்கள். மூன்று பேர் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். உலகத்தில் மிச்சம் உள்ள அத்தனை உயிரும், வாயில்காப்பவனிலிருந்து பிசாசு வரைக்கும், மார்னியின் வாயால் பேசும். வேஷக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்கே முன்கூட்டித் தெரியாது. ஜெயிப்பதா தோற்பதா என்பதைப் பகடை சொல்லும். இருபது வருஷமாக இதுதான் நடக்கிறது. தேவாலயத்துக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார்கள், இந்த மேஜைக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

மார்னிக்கு வேலை இரும்புச் சாமான் கடையில். ஆணி, பெயின்ட், குழாய் மூடி என்று நாள் முழுக்க கவுன்டரில் நிற்பாள். ஆள் வராத நேரத்தில் பிசாசுகளைப் பற்றி யோசிப்பாள். கொம்பும் வாலும் வைத்தால் பிசாசு ஆகிவிடாது என்பது அவள் கட்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசை வேண்டும், ஒரு பயம் வேண்டும், அடுத்தவனைப் பற்றி ஒரு ரகசியம் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும், அரசியல் தானாகவே நடக்கும் என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்தாள். அவள் நரகத்தில் பிசாசுகளுக்குப் பொய் சொல்ல வராது. அரசன் எங்கே போனான் என்பது அந்த ஏழு பேரில் ஒருத்தியான ஊசிக்கண் சீமாட்டிக்குத் தெரியும். யாராவது நேராகக் கேட்டால் சொல்லித்தான் தீர வேண்டும். ஆகவே அந்தச் சபையில் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள், அந்த ஒரு கேள்வி மட்டும் வராமல் சீமாட்டி பார்த்துக்கொள்வாள். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்.

அங்கே தங்கத்துக்கு மதிப்பில்லை. ஒரு மனுஷன் ஒரே ஒரு தடவைதான் கொடுக்க முடியும் என்கிற பொருள்தான் செல்லும். முதல் பிள்ளையின் முதல் சிரிப்பு ஞாபகம், இறந்துபோன தாயின் கைவாசனை, இப்படி. கொடுத்துவிட்டால் கொடுத்தவனிடம் அது இருக்காது. மறந்துபோவது என்று அர்த்தமில்லை. நடந்தது தெரியும், உள்ளே ஒன்றும் அசையாது. பிசாசுகளால் அதைத் திருட முடியாது, வாயைத் திறந்து கொடுத்தால்தான் உண்டு. இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்றைக்கு மார்னி கடையில் தனியாக நின்று சிரித்தாள்.

மேஜைக்கும் ஒரு சட்டம் உண்டு. மேஜையில் சொன்னது சொன்னதுதான். நான் சும்மா சொன்னேன், அது நான் பேசினது, என் வேஷம் பேசவில்லை என்கிற கதையெல்லாம் செல்லாது. ஆட்டம் தொடங்கிய முதல் வாரத்தில் டெல் என்ன செய்தான் தெரியுமா? இந்த நேரத்தில் ஒரு பீர் கிடைத்தால் இடது காதையே கொடுத்துவிடுவேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். மார்னி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் குளிர்பெட்டியிலிருந்து பீரை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து அவன் வேஷத்துக்கு இடது காது கிடையாது. ஒத்தைக்காதன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

டெல் அவள் தம்பி. ஹெர்ரிங் தீவில் தச்சு வேலை செய்கிறான். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் தீவுக்கும் கரைக்கும் நடுவில் பனிக்கட்டி மேலேயே சாலை போட்டுவிடுவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டில் மிஞ்சிய மரங்களைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் வரிசையாக நட்டுவைப்போம். காற்றில் பனி பறந்து கண் தெரியாதபோது அந்த மரங்களைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுவது. டெல் சனிக்கிழமைதோறும் அந்த வழியாகத்தான் வருவான்.

வந்தாலும் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் அவர்கள் அம்மா மார்னி வீட்டில் படுக்கையில் கிடந்தாள். ஏரி அப்போது படகு போகவும் முடியாமல், வண்டி போகவும் முடியாமல் அரைகுறையாக உறைந்திருந்தது. அப்படியும் தீவிலிருந்து சில பேர் பனிக்கட்டியைத் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து நடந்து வந்துகொண்டுதான் இருந்தார்கள். டெல் வரவில்லை. அம்மா கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து ஏரி கெட்டியான பிறகு அவன் வந்தான். மார்னி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் மேஜைக்கு வந்துவிட்டார்கள். யார் முதலில் ஆட்டத்தை விடுவது என்கிற வீம்பு. அதிலிருந்து அவள் பிசாசாகப் பேசுவாள், அவன் ஒத்தைக்காதனாகப் பதில் சொல்வான். அவ்வளவுதான் அவர்களுக்குள் போக்குவரத்து.

ஆறு பிசாசுகளுக்கு ஆறு அட்டைகள் எழுதி மார்னி குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். ஏழாவது அட்டை வெறுமையாக இருந்தது. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஆட்டம் நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் அது. ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். அங்கே முக்காடு போட்டு ஒருத்தனை உட்கார வைத்து, ஒன்றுமே பேசவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஆடுகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு அவன் யார் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் எது நன்றாக இருக்கிறதோ அதற்கு, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் யோசித்து வைத்திருந்த மாதிரி, மெல்லத் தலையாட்டிவிட வேண்டும். தலையாட்டிய கணத்திலிருந்து அதுதான் உண்மை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அந்தப் பேச்சு வந்தது. மீன்கடையில் சமைக்கிற வைனோ லாஹ்டி, அவன் அரசனுடைய ஒற்றன் என்றான். பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிற ரெனாட்டா, அரசன்தான் மாறுவேஷத்தில் இருக்கிறான், பந்தயம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். டெல் தன் பகடைகளை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பச்சை நிறத்தில், மூலை உடைந்த பகடைகள், அம்மா வாங்கிக் கொடுத்தவை. யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"அவனுக்கு அரசன் நாற்காலி எல்லாம் வேண்டாம். ஒரு மன்னிப்பு வேணும், அவ்வளவுதான். அதுவும் ஒரே ஒருத்தர்கிட்ட இருந்து."

வைனோ கொண்டுவந்திருந்த வெள்ளைமீன் ஈரல் வறுவலை ரெனாட்டா எதற்கோ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். தம்பி என்ன கேட்கிறான் என்று மார்னிக்குப் புரியாமலா இருக்கும்? மன்னித்துவிட்டேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆட்டம் நடத்துகிறவள் எப்படி ஆட்டுவாளோ அப்படித் தலையை ஆட்டினாள். அவர்கள் போனதும் வெறும் அட்டையை எடுத்து, 'மன்னிப்பு' என்று எழுதித் திரும்ப ஒட்டினாள். எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் அந்த அட்டை தரையில் கிடந்தது. மற்ற ஆறும் இருந்த இடத்திலேயே இருந்தன. எடுத்துப் பார்த்தால் நனைந்திருந்தது. குளிர்பெட்டி ஒழுகுகிறது என்று நினைத்துத் துடைத்து, காயவைத்து, இன்னொரு காந்தம் சேர்த்து ஒட்டினாள். அதற்கு அடுத்த நாளும் கீழேதான் கிடந்தது.

பிறகு வைனோ ஒரு விஷயம் சொன்னான். பனிச்சாலையில் மீன் ஏற்றி வரும்போது பார்த்தானாம், நடுவழியில் சில மரங்கள் வரிசையை விட்டு விலகி நிற்கின்றனவாம். யாரோ பிடுங்கிக் கிழக்கே தள்ளி நட்டிருக்கிறார்கள். சாலை பார்க்கிற ஆட்கள் விடலைப் பையன்களின் வேலை என்று திட்டிக்கொண்டே திரும்ப நட்டார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் விலகின. இப்போது கூடுதலாகச் சில மரங்கள். மார்னி தன் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். விலகி வந்த மரங்கள் ஒரு கோடாக நின்றன. அந்தக் கோட்டை நீட்டினால் அவள் வீட்டுப் பின்வாசலில் வந்து முடியும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. திரையை இழுத்துவிட்டு ஊசிக்கண் சீமாட்டியைப் பற்றி யோசிக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று வெயில் அடித்தது. இரவெல்லாம் மழை தூறியது. சனிக்கிழமை விடிந்தபோது ஏரி முழுக்க மூடுபனி, பனிக்கட்டி மேலே தண்ணீர் நிற்கிறது, சாலையை மூடிவிட்டார்கள். டெல்லுக்கு யார் சொல்வது? மார்னி ரெனாட்டாவைக் கூப்பிட்டு, அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள். ரெனாட்டா செய்தி அனுப்பினாள், கூப்பிட்டும் பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. நீயே ஒரு தடவை கூப்பிடேன் என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். மார்னி போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். அவன் பெயரை அழுத்தவில்லை.

மத்தியானம் வைனோவும் ரெனாட்டாவும் வந்துவிட்டார்கள். மார்னி அடுப்பில் ஹாட்டிஷ் என்கிற இறைச்சிப் பதார்த்தத்தை வைத்திருந்தாள், மேலே உருளைக்கிழங்கு சிவந்து முறுகுகிற வாசனை வீடு முழுக்க. அதை வெளியே எடுக்கக்கூடத் தோன்றாமல் ஜன்னலிலேயே நின்றாள். வெளியே வெள்ளை தவிர ஒன்றுமில்லை. இவன் கிளம்பியிருந்தால்? பனிக்கட்டி எங்கே மெலிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு கூப்பாடு போட்டால்கூட இங்கே கேட்காது. கடவுளே, வந்துவிடட்டும், அவன் வந்து சேர்ந்தால் போதும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

மூடுபனிக்குள் விலகிய மரங்களின் வரிசையில் ஒரு ஆள் தெரிந்தான். டெல்லின் பழுப்புக் கோட்டு, டெல்லின் நடை. நேராகப் பின்வாசலுக்கு வந்து நின்றான். கதவைத் தட்டவில்லை. மார்னி ஓடிப்போய்த் திறந்தாள். அப்படியும் நின்றுகொண்டே இருந்தான்.

"வா உள்ள," என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாகி அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

அவன் வந்தான். பூட்ஸில் பனியைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் இங்கே பச்சைக் குழந்தைக்கும் உண்டு. அவன் தட்டவில்லை. நடந்த இடமெல்லாம் தண்ணீர்.

"பைத்தியக்காரா, ரோட்டை மூடிட்டாங்க. எப்படிடா வந்தே?" என்று வைனோ கேட்டான்.

"மரங்களைப் பார்த்துட்டே நடந்து வந்தேன்."

தன் செய்தி கிடைக்கவில்லையா என்று ரெனாட்டா கடிந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை என்றான். தட்டில் ஹாட்டிஷ் போட்டு வைத்தபோது, நான் வந்தது இதுக்கு இல்ல என்றான். வைனோ சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். பகடை எங்கே என்று கேட்டதற்குத் தன்னிடம் பகடை இல்லை என்றான். மார்னி தன்னுடையதைத் தள்ளிவைத்தாள். அடுத்தவர் பகடையைத் தொடுவது மேஜையில் பெரிய மரியாதைக் குறைவு, அதனால்தான் தொடாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு இவன் வந்து சேர்ந்ததே போதும். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்திருந்தது. குளிர் என்றால் சிவக்குமே என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றி மறைந்தது.

ஆட்டம் எப்போதும் வாயில்காப்பவனோடு தொடங்கும். யார், எதற்கு என்று கேட்பான். ஒவ்வொருவரும் வேஷத்தில் பதில் சொல்ல வேண்டும். டெல் முறை வந்தால் ஏதாவது கோணல் பேச்சு பேசிச் சிரிக்க வைப்பான். இன்றைக்கு அவன் சொன்னது வேறு.

"ஏழாவது நாற்காலிக்காரன். எனக்கு உரியதை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

ரெனாட்டா ஆகா என்று மேஜையைத் தட்டினாள். ஒத்தைக்காதனை விட்டுவிட்டு ஏழாவது பிசாசைத் தானே ஆடப் போகிறான். ஊகித்தவனே ஆடட்டும், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மார்னி தலையாட்டினாள். ஊசிக்கண் சீமாட்டியின் குரலை எடுத்துக்கொண்டு, இத்தனை நாள் கேட்காத கேள்வியைக் கேட்டாள். நரகத்தில் நேராகக் கேட்டால் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

"அன்னைக்கு நீ ஏன் வரல?"

"அன்னைக்கு நீ என்னைக் கூப்பிடலையே."

நிஜம்தான். அம்மா போய்க்கொண்டிருந்தபோதும் அவள் தம்பியைத் தன் வாயால் கூப்பிடவில்லை. ரெனாட்டாவை விட்டுத்தான் சொல்லச் சொன்னாள். அம்மா பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு போனை எடுக்க மனசில்லை என்று தனக்குத்தானே ஒரு காரணம் வைத்திருந்தாள். அவன்தான் வர வேண்டும், நான் ஏன் கெஞ்ச வேண்டும் என்பதுதான் அதற்குள்ளே இருந்தது. இன்றைக்குக் காலையிலும் அதையே செய்தாள். அவன் செத்துப்போயிருந்தால்? சீமாட்டியின் குரல் தொண்டையிலிருந்து கழன்று விழுந்தது. அழுகிற குரலில், தன் குரலில் பேசினாள்.

"போகட்டும். அம்மா விஷயத்துல உன் மேல வெச்சிருந்ததெல்லாம் விட்டுட்டேன். உன்னை மன்னிச்சுட்டேன்."

அவன் கொஞ்சம் முன்னால் குனிந்தான். "எனக்குத்தானா? மிச்சம் வைக்காம?"

"உனக்குத்தான். மிச்சம் வைக்காம."

"மேஜையில சொன்னது?"

"மேஜையில சொன்னது சொன்னதுதான்."

ரெனாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வைனோ கூரையைப் பார்த்தான். ஏழாவது நாற்காலிக்காரன் எழுந்தான். கடையில் கேட்ட சாமான் கிடைத்துவிட்டது, இனி நிற்பானேன் என்று கிளம்புகிறவர்களை மார்னி தினமும் பார்க்கிறாள். அந்த முகம்தான் அது. அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள், அதற்குள் வாசலுக்குப் போய்விட்டான். இந்த மூடுபனியில் போகாதே, இங்கேயே தூங்கு என்று அவள் சொன்னதற்கு, வழி எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னான்.

கதவை மூடுவதற்குள் அவள் போன் அடித்தது. டெல் என்று பெயர் வந்தது. வழியில் விழுந்துவிட்டானோ என்று பதறி ஜன்னலுக்கு ஓடினாள். அவன் விழவில்லை. மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். இரண்டு கையும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. போன் காதில் இல்லை. அவள் அழுத்தி எடுத்தாள்.

"மார்னி? நான்தான்." இருமினான். "நேத்துலேருந்து ஜுரம், எந்திரிக்கவே இல்ல. ரெனாட்டா மெசேஜ் இப்பதான் பார்த்தேன். ரோடு மூடியாச்சாமே. தீவுலயேதான் இருக்கேன், தேடாதீங்க."

போனில் பேசியது மற்ற இரண்டு பேருக்கும் கேட்டிருக்க வேண்டும். ரெனாட்டா அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். உட்காரும் பலகையில் தண்ணீர் தேங்கி ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. வைனோ எழுந்து சுவரோடு போய் நின்றான். மார்னி ஜன்னலை விட்டு நகரவில்லை. வந்தவன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவன் ஒரு தடவைகூடத் தன்னை டெல் என்று சொல்லவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. வெளியே பழுப்புக் கோட்டு சின்னதாகி மூடுபனிக்குள் போய்விட்டது.

"கேக்குதா? நான் ஒண்ணு சொல்லணும்," என்றது காதில் இருந்த குரல். "அன்னைக்கு நான் வந்திருக்கலாம். ஏரி ஓரம் வரைக்கும் வந்தேன். காலை வெச்சதும் கீழ விரிசல் ஓடுச்சு. பயந்துட்டேன், திரும்பிட்டேன். அம்மாவைவிட என் உசிர் பெருசாப் போச்சு எனக்கு. இதை ஒரு வருஷமா சொல்ல முடியல. ஜனவரியில ஒத்தைக்காதன் வாயால கேட்டேன், நீ தலையை மட்டும் ஆட்டின. இப்ப நானே கேக்குறேன். என்னை மன்னிச்சுடு."

இந்தச் சொல்லுக்காக மார்னி எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்தாள். உள்ளே தேடினாள். அம்மா வாசலைப் பார்த்தபடி கிடந்தது ஞாபகம் இருந்தது. தம்பி ஐந்து வயதில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்கட்டியில் நடக்கக் கற்றதும் ஞாபகம் இருந்தது. எதைத் தொட்டாலும் ஒன்றும் அசையவில்லை. கோபம் கூட இல்லை. கோபம் இருந்தால்தானே அதை விடமுடியும்?

"சரி," என்றாள், கடையில் வந்தவர்களிடம் பேசுகிற குரலில். "சொன்னதுக்கு நன்றி. வேற ஏதாவது வேணுமா?"

அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது. "மார்னி, இன்னும் கோபமா?"

"இல்ல டெல், எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல," என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.